பழைய காரின் உட்புறத்தில் படிந்த சிகரெட் நாற்றத்தை நீக்குதல்: முழுமையான வழிகாட்டி

சிகரெட் பிடிப்பவர் ஓட்டிய காரை வாங்கும்போது, அதன் நாற்றம் பெரும்பாலும் அன்றே தெரிவதில்லை. விற்பவர் உட்புறத்தைத் துடைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வாசனைப் பொருள் ஒன்றையும் தொங்கவிட்டிருப்பார்; காலை நேரக் குளிர்ச்சியில் நாற்றமும் அடங்கியிருக்கும். ஒரு வாரம் கழித்து, வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற காரின் கதவைத் திறக்கும்போதுதான் உண்மை முகத்தில் அடிக்கிறது. நான் வாங்கிய முதல் பழைய காரில் எனக்கு நேர்ந்தது இதுவே. இரண்டு மாதம் வாசனைத் திரவியங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பிறகே, நாற்றத்தை எதைக் கொண்டும் மூட முடியாது, அது படிந்திருக்கும் பொருளையே காரிலிருந்து எடுத்தாக வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு வேலையும் அந்த ஒரே கருத்திலிருந்து பிறப்பதுதான்.

நாற்றம் உண்மையில் எங்கே இருக்கிறது?

சிகரெட் புகையில் வாயுக்கள் மட்டும் இல்லை. ஒரு மைக்ரானுக்கும் குறைவான பருமனுள்ள எண்ணற்ற நுண்துளிகளும் அதில் மிதக்கின்றன. நிகோட்டின், தார், பீனால் வகைச் சேர்மங்கள், பிரிடின் வகைச் சேர்மங்கள் ஆகியவை அந்தத் துளிகளிலும் வாயுவிலும் கலந்துள்ளன. கார் போன்ற சிறிய, மூடிய இடத்தில் இவை கண்ணாடி, பிளாஸ்டிக், துணி, பஞ்சு, ஏசியின் உட்பகுதி என எல்லாவற்றின் மீதும் மெல்லிய பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. சிகரெட் அணைந்து பல மாதங்கள் ஆன பின்னும், வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போதெல்லாம் அந்தப் படலத்திலிருந்து வாடை மீண்டும் ஆவியாகி வெளிவருகிறது. காரை நாள் முழுவதும் திறந்து வைத்துக் காற்றாட விட்டாலும் மறுநாள் நாற்றம் திரும்பி வருவதற்கு இதுவே காரணம்.

இது மூக்கை உறுத்தும் தொல்லை மட்டும் அன்று. மேற்பரப்புகளில் படிந்த நிகோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்துடன் வினைபுரிந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்பதை லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் 2010-ல் எடுத்துக்காட்டினர். புகை பிடிப்பவர் ஒருவரின் டிரக்கின் உட்புறப் பரப்புகளையும் அவர்கள் அதே ஆய்வில் சோதித்தனர். சீட்டைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைகள் பயணிக்கும் காரென்றால், இந்தப் படலத்தை நீக்குவதை அழகுக்கான வேலையாக நினைத்துத் தள்ளிப் போடக் கூடாது. நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் என்பதால், சுத்தம் செய்பவரும் தொடக்கம் முதல் இறுதிவரை கையுறை அணிந்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன்

மழை இல்லாத, வெயிலுள்ள இரண்டு முழு நாட்களை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். துணியும் பஞ்சும் நன்றாகக் காய்வது இதில் பாதி வேலை. ஈரம் தங்கினால் புகை நாற்றம் போன இடத்தில் பூஞ்சை நாற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும். தேவையான பொருட்கள் எளியவை: நல்ல உறிஞ்சு திறனுள்ள வேக்குவம் கிளீனர், இருபது வெள்ளை அல்லது வெளிர்நிற மைக்ரோஃபைபர் துணிகள், மென்மையான பிரஷ்கள், காரின் உட்புறத்துக்கான பொதுவான கிளீனர், துணி சீட்டுகளுக்கான ஷாம்பூ, வெள்ளை வினிகர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஏசி காயிலுக்கான நுரை கிளீனர், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும், கரி கலந்த புதிய கேபின் ஃபில்டர். துணிகள் வெளிர்நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: எடுபடும் பழுப்பு நிறத்தைப் பார்த்துத்தான் ஓரிடத்தில் வேலை முடிந்ததா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானிக்கப் போகிறீர்கள்.

நிகோட்டின் காரத் தன்மை உடையது. வினிகரிலுள்ள அமிலத்துடன் சேரும்போது அது நீரில் எளிதாகக் கரையும் உப்பாக மாறுகிறது. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்ற கலவை இந்த வேலைக்குப் போதும். வினிகரின் சொந்த வாடை காய்ந்ததும் போய்விடும். ஆனால் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒரே நேரத்தில் கலந்து தெளிக்க வேண்டாம்; அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால், நுரை பொங்குவதைத் தவிரப் பெரிய பயன் கிடைக்காது. குளோரின் பிளீச்சை வினிகருடனோ அம்மோனியா கலந்த கிளீனருடனோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் உலர்ந்த அழுக்கு, பிறகு மேலிருந்து கீழாக ஈரத் துடைப்பு, அதன் பிறகு சீட்டும் கார்பெட்டும், அடுத்து ஏசி, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புதிய ஃபில்டர். வரிசை மாறினால், கூரையிலிருந்து வடியும் பழுப்புத் தண்ணீர் ஏற்கெனவே கழுவிய சீட்டின் மேல் விழும்.

உலர்ந்த அழுக்கை எடுத்தல்

ஆஷ்ட்ரே, ஃபுட் மேட், சீட் கவர், டிக்கியின் விரிப்பு என்று கழற்றக்கூடிய எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பழைய சீட் கவரைத் திரும்பப் போடும் எண்ணத்தை அப்போதே கைவிடுவது நல்லது. சீட்டுகளை முன்னும் பின்னும் முழுவதுமாக நகர்த்தி, அவற்றின் தண்டவாள இடுக்குகளையும், சீட்டுக்கும் நடுக் கன்சோலுக்கும் இடைப்பட்ட இடைவெளியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பலும் சிகரெட் துண்டுகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரே ஒரு துண்டு அகப்படாமல் இருந்தாலும் மற்ற வேலைகளின் பலன் குறையும். ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியையும் மறந்துவிடாதீர்கள். கார் ஓடும்போது உட்புறக் காற்று வெளியேறுவதற்கான துவாரங்கள் பல கார்களில் டிக்கியின் பக்கவாட்டில்தான் உள்ளன. ஆகவே புகை அந்த வழியாகப் போகும்போது அங்குள்ள துணி விரிப்புகளும் அதை ஏந்தியிருக்கும்.

வேக்குவம் செய்யும்போது ஒரே இடத்தில் குழாயை மெதுவாக, வெவ்வேறு திசைகளில் நகர்த்துங்கள். சாம்பல் மிக நுண்ணியது; ஈரம் பட்டால் சேறாகித் துணியின் இழைகளுக்குள் இறங்கிவிடும். அதனால் தண்ணீர் தொடும் முன்பே அது முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும்.

கண்ணாடியும் கடினமான பரப்புகளும்

முன்கண்ணாடியின் உட்புறத்தை ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரிந்த கண்ணாடியிலிருந்து, கடுந்தேநீரில் நனைத்ததைப் போன்ற பழுப்பு நிறத்தில் துணி வரும். என் காரில் முன்கண்ணாடி ஒன்றுக்கே ஐந்து துணிகள் தேவைப்பட்டன. சம அளவு தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இந்தப் படலத்தை நன்றாகக் கரைக்கும். அது தீப்பற்றக்கூடியது என்பதால் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்துவிட்டு, அருகில் நெருப்பில்லாத இடத்தில் பயன்படுத்துங்கள். பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பாதி இறக்கி, எப்போதும் ரப்பருக்குள் மறைந்திருக்கும் மேல் விளிம்பையும் துடைக்க வேண்டும்.

டேஷ்போர்டு, கதவுப் பலகைகள், ஸ்டியரிங், கியர் நாப், தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக், சன் வைசர் ஆகியவற்றை உட்புறக் கிளீனரால் துடைத்து, பிறகு வினிகர் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு முறையும், வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு முறையும் துடையுங்கள். கிளீனரை எப்போதும் துணியில் தெளிக்க வேண்டுமே தவிர, பொத்தான்கள் மீதோ திரை மீதோ நேரடியாகத் தெளிக்கக் கூடாது. தொடுதிரைக்கு வெறும் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி போதும். ஆல்கஹாலும் அம்மோனியாவும் அதன் பூச்சைக் கெடுக்கலாம். ஏசி காற்று வரும் வென்ட்டுகளின் ஒவ்வொரு இதழையும் சிறு பிரஷால் துலக்குங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அவற்றை மென்மையான சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வரும் கறுப்பைப் பார்த்த பிறகு நீங்கள் அடுத்த முறை விடமாட்டீர்கள்.

சீட் பெல்ட்

ஓட்டுநரின் முகத்துக்கு மிக அருகில் இருப்பதும், பெரும்பாலோர் சுத்தம் செய்யாமல் விடுவதும் சீட் பெல்ட்டுதான். அதை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, உள்ளே சுருண்டுவிடாதபடி மேல் வாயருகே ஒரு கிளிப்பை மாட்டுங்கள். ஒரு வாளியில் வெதுவெதுப்பான மென்சோப்புத் தண்ணீரை வைத்து, தொங்கும் பகுதியை அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நெசவின் போக்கிலேயே பிரஷால் தேயுங்கள். தண்ணீர் நிறம் மாறுவது கண்ணெதிரே தெரியும். இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி அலசிய பின், கிளிப்பை எடுக்காமல் ஓர் இரவு முழுவதும் காய விடுங்கள். பிளீச்சும் கடுமையான இரசாயனங்களும் இழையின் வலிமையைக் குறைக்கும் என்பதால் அவற்றை இங்கே அறவே தவிர்க்க வேண்டும். பெல்ட்டைச் சுருட்டும் இயந்திரப் பகுதிக்குள்ளும் தண்ணீர் போகக் கூடாது.

கூரைத் துணி: பொறுமை தேவைப்படும் இடம்

புகை மேல்நோக்கிச் செல்லும். ஆகவே காரின் எந்தப் பகுதியையும் விட அதிகமாகப் புகையை வாங்கியிருப்பது கூரையில் ஒட்டப்பட்ட துணிதான். ஓட்டுநர் பக்கத்து சன் வைசரைக் கீழே இறக்கி, அது மறைத்திருந்த இடத்தின் நிறத்தையும் அதற்குப் பக்கத்து இடத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேறுபாடு, அந்தக் காரில் எவ்வளவு புகை பிடிக்கப்பட்டது என்பதற்கான நேர்மையான சாட்சி. காரை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடமும் அதுதான் என்பேன்.

கூரை அமைப்பில் மூன்று அடுக்குகள் உள்ளன: மேலே கெட்டியான ஒரு பலகை, அதன் கீழே சில மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய பஞ்சு, அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியும் துணி. இவை பசையால் ஒட்டப்பட்டுள்ளன. தண்ணீரை அள்ளித் தெளித்தாலோ, நீராவி இயந்திரத்தை ஒரே இடத்தில் பிடித்தாலோ, பசை விட்டுத் துணி தொங்கிவிடும். ஒருமுறை தொங்கிய துணியை மீண்டும் ஒட்டவைப்பது மிகக் கடினம், பெரும்பாலும் புதிய துணியே மாற்ற வேண்டி வரும். எனவே சீட்டைக் கழுவும் முறையை இங்கே கொண்டுவராதீர்கள்.

நுரை வகைக் கிளீனரை மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, ஒரு அடிக்கு ஒரு அடி அளவுள்ள சதுரங்களாகக் கூரையை மனத்தில் பிரித்துக்கொண்டு, ஒரே திசையில், இலேசான அழுத்தத்தில் துடையுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கூரை முழுவதையும் ஒரு சுற்று முடித்த பின், கதவுகளைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே இரண்டாவது சுற்றைத் தொடங்க வேண்டும். ஓரிடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அங்கே வட்டக் கறை விழும் என்பதால், கறையுள்ள இடத்தைத் தனியாக எடுக்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராகத் துடைப்பதே பாதுகாப்பானது. பல கார்களில் கூரையின் ஓரங்களில் ஏர்பேக்குகள் மடித்து வைக்கப்பட்டுள்ளன; அதனால் ஓர மூடிகளை நீங்களே நெம்பிக் கழற்ற வேண்டாம். மூன்று சுற்றுகளுக்குப் பிறகும் கூரை நாறினால், துணியையும் பஞ்சையும் மாற்றித் தருபவரிடம் கொடுப்பதே வழி.

சீட்டுகளும் கார்பெட்டும்

துணி சீட்டாக இருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஷாம்பூவைச் சோதித்து, நிறம் போகவில்லை என்பதை உறுதிசெய்த பிறகு தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்த ஷாம்பூவைத் தெளித்து, பிரஷால் நுரை வரத் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, அழுக்குத் தண்ணீரை வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சுவதுதான் இங்கே உயிர்நாடியான வேலை. தேய்த்துவிட்டு அப்படியே காயவிட்டால், கரைந்த தார் மீண்டும் அதே இழையில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். இல்லையென்றால் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் போதுமானது. தொட்டியில் சேரும் தண்ணீரின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதல் முறை கரும்பழுப்பாக வரும். நிறம் வெளிறும் வரை திரும்பச் செய்ய வேண்டும். கடைசி அலசலுக்கு வினிகர் தண்ணீரை இலேசாகத் தெளித்து உறிஞ்சிவிடுங்கள்.

முன்சீட்டுகளில் ஏர்பேக்கும், ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சாரும், வெப்பமூட்டும் கம்பிகளும் இருக்கக்கூடும். ஆகவே பஞ்சு ஊறும்படி தண்ணீரை ஊற்றக் கூடாது. சீட்டை முழுவதுமாகக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்ல பலன் தரும் என்றாலும், அதற்கு முன் பேட்டரி இணைப்பை நீக்கி, கார் கையேட்டில் சொல்லப்பட்ட நேரம் காத்திருந்து, ஏர்பேக் இணைப்புகளைக் கையாள வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

தோல் சீட்டுகளுக்கு வினிகரும் ஆல்கஹாலும் வேண்டாம். தோலுக்கென்றே உள்ள மென்மையான கிளீனரால் துடைத்து, காய்ந்ததும் கண்டிஷனர் பூசுங்கள். சிறு துளைகள் உள்ள தோலில் கிளீனரைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். தையல் இடுக்குகளை மட்டும் மென்பிரஷால் தனியே துலக்க வேண்டும்.

கார்பெட்டையும் சீட்டைப் போலவே கழுவலாம். அதன் அடியில் தடித்த மெத்தை போன்ற அடுக்கு இருப்பதையும், அங்கே இறங்கிய தண்ணீர் காயப் பல நாட்கள் ஆகும் என்பதையும் மட்டும் மனத்தில் வையுங்கள். கழுவி முடித்ததும் கதவுகளைத் திறந்து வைத்து, மின்விசிறியை உள்நோக்கித் திருப்பி, குறைந்தது 24 மணி நேரம் காயவிடுங்கள். கார்பெட்டின் மேல் உள்ளங்கையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்த்தால் அடியில் ஈரம் இருப்பது குளிர்ச்சியாகத் தெரியும்.

ஏசி

உட்புறம் முழுவதும் சுத்தமாகி, ஏசியைப் போட்டதும் மட்டும் நாற்றம் வந்தால், அது குளிரூட்டும் காயிலில் இருந்து வருகிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உட்காற்றையே சுழற்றும் நிலையில் ஏசியை வைத்துப் புகை பிடித்தால், அந்தப் புகை மீண்டும் மீண்டும் காயிலின் மீது பாய்கிறது. ஈரமான அதன் நெருக்கமான தகடுகள் தாரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பெரும்பாலான கார்களில் கேபின் ஃபில்டர் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த அறைக்குள் இருக்கும் தூசியையும் சருகுகளையும் வேக்குவம் செய்யுங்கள். பிறகு காயிலுக்கான நுரை கிளீனரை, டப்பாவில் உள்ள அறிவுரைப்படி, தண்ணீர் வடியும் குழாய் வழியாகவோ ஃபில்டர் அறை வழியாகவோ செலுத்தி, குறிப்பிட்ட நேரம் ஊறவிடுங்கள். கரைந்த அழுக்கு காரின் அடியில் சொட்டும். அதன் பின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, புளோயரை முழு வேகத்தில், முதலில் குளிராகவும் பிறகு சூடாகவும் பத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் இந்த வேலையைத் திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. புதிய ஃபில்டரை இப்போதே போட்டுவிடாதீர்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகு, அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையைக் காட்டும்படி பொருத்துங்கள்.

சமையல் சோடா, கரி, ஓசோன்

சமையல் சோடாவுக்கு உள்ள பெயர் அதன் ஆற்றலை விடப் பெரியது. காய்ந்த சீட்டிலும் கார்பெட்டிலும் தூவி, பிரஷால் உள்ளே தள்ளி, ஓர் இரவு விட்டு வேக்குவம் செய்தால், மேற்புறத்தில் மிஞ்சிய வாடை ஓரளவு குறையும். பஞ்சுக்குள் இருப்பதை அது தொடாது. ஊக்குவிக்கப்பட்ட கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) இதைவிடப் பயனுள்ளது. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பைக் கூட்டினால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும்; ஆவியாகும் நாற்ற மூலக்கூறுகள் அந்தத் துளைகளில் சிக்கிக்கொள்கின்றன. அடுப்புக்கரி இந்த வகையைச் சேர்ந்தது அன்று, ஆகவே அதை வைப்பதால் பெரிய பயன் இல்லை. கழுவிய பின் ஒரு மாதம் வரை கரிப் பைகளைச் சீட்டுகளுக்கு அடியில் வைத்திருங்கள்.

ஓசோன் என்ற வாயுவை உண்டாக்கிக் காருக்குள் செலுத்தும் இயந்திரத்தைப் பலர் முதல் வேலையாகப் பயன்படுத்துகிறார்கள், அது தவறு. ஓசோன் நிகோட்டின் படலத்துடன் வினைபுரியும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற புதிய எரிச்சலூட்டும் பொருட்கள் உண்டாகின்றன. படலம் தடிமனாக இருக்கும்போதே அதைச் செலுத்தினால் நாற்றமும் போகாது, காற்றும் கெடும். எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்த பிறகும் இலேசான வாடை எஞ்சினால் மட்டுமே ஓசோனைக் கருதலாம். பணியிடக் காற்றில் 8 மணி நேரச் சராசரியாக 0.1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு) என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் ஓசோன் வரம்பு. இந்த இயந்திரங்கள் மூடிய காருக்குள் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். இயங்கும்போது உள்ளே மனிதரோ வளர்ப்புப் பிராணியோ இருக்கவே கூடாது. அரை மணி நேரத்துக்கு மேல் நீட்டிக்காமல், பிறகு கதவுகளையெல்லாம் திறந்து சில மணி நேரம் காற்றாட விடுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் ரப்பர் பாகங்கள் விரிசல் விடத் தொடங்கும். இந்தக் கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்க வசதியில்லை என்றால் தேர்ந்த பணியாளரிடம் விடுங்கள், அல்லது ஓசோனையே விட்டுவிடுங்கள். நான் என் காரில் அதைப் பயன்படுத்தவில்லை.

சோதித்துப் பார்த்தல்

இரண்டு நாட்கள் காருக்குள்ளேயே வேலை செய்த உங்கள் மூக்கு வாடைக்குப் பழகியிருக்கும். அதை நம்ப வேண்டாம். கண்ணாடிகளை முழுவதும் ஏற்றி, காரை நான்கு மணி நேரம் வெயிலில் நிறுத்தி, புகை பிடிக்காத ஒருவரைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கதவு திறந்த முதல் சில நொடிகளில் அவர் சொல்வதே தீர்ப்பு.

வாடை இருப்பதாகச் சொன்னால், அது எப்போது வருகிறது என்பதிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சீட்டில் உட்கார்ந்து பஞ்சு அழுந்தும்போது வந்தால் சீட்டை இன்னொரு முறை உறிஞ்ச வேண்டும். ஏசி போட்ட முதல் நிமிடத்தில் வந்தால் காயிலுக்கு இரண்டாவது முறை நுரை தேவை. வெயிலில் நின்ற பிறகு மட்டும், தலைக்கு மேலிருந்து வருவதுபோல் இருந்தால் கூரைத் துணிக்கு மூன்றாவது சுற்று. மழை நாளில் மட்டும் கிளம்பினால் கார்பெட்டின் அடி அடுக்கையும் டிக்கியையும் பாருங்கள். பல ஆண்டுகள் புகை ஊறிய காரில் முதல் முயற்சியிலேயே முழுப் பலன் கிடைப்பது அரிது. இரண்டு வாரம் கழித்து, விட்டுப்போன அந்த ஓரிடத்தை மட்டும் மீண்டும் எடுங்கள். புதிதாகப் போட்ட கேபின் ஃபில்டரும் முதல் மூன்று மாதங்களில் எஞ்சிய வாடையை வாங்கியிருக்கும் என்பதால், அதை வழக்கமான காலத்துக்குக் காத்திராமல் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.